புது ப்ரொக்ரெஸிவ் கண்ணாடி: குறிகளைத் துடைப்பதற்கு முன் சோதிப்பது எப்படி

புது ப்ரொக்ரெஸிவ் கண்ணாடி (மேலே தூரத்துக்கு, கீழே படிப்பதற்கு என்று ஒரே லென்ஸில் பவர் மெல்ல மாறுவது) தயாராகி வரும்போது லென்ஸின் மேல் மஞ்சள் அல்லது வெள்ளை மையில் சில குறிகள் இருக்கும். பெரும்பாலும் கடைக்காரரே அவற்றைத் துடைத்துவிட்டு, பளபளவென்று பெட்டியில் போட்டுக் கொடுப்பார். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லி வையுங்கள்: "குறி அப்படியே இருக்கட்டும், போட்டுப் பார்த்த பிறகு துடைக்கலாம்." வெள்ளெழுத்துக்குப் போடும் கண்ணாடி ஒத்துவரவில்லை என்றால் எல்லோரும் முதலில் பவரைத்தான் சந்தேகப்படுவார்கள். ஆனால் பவர் எண் சரியாகவே இருந்து, அது கண்ணுக்கு முன்னால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போவது அடிக்கடி நடக்கிறது. அந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பவை இந்தக் குறிகள்தான்.

சீட்டும் லென்ஸும் ஒன்றுதானா

மருத்துவர் எழுதிய சீட்டில் ஒவ்வொரு கண்ணுக்கும் தூரத்துப் பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் சேரும் பவர்), ஆக்சிஸ் (அந்தத் திசையின் கோணம்), அதன் பக்கத்தில் "ஆட்" என்று ஒரு எண் இருக்கும். கிட்டத்தில் படிக்கத் தூரத்துப் பவரோடு எவ்வளவு கூட்ட வேண்டும் என்பதே ஆட். தூரத்துக்கு +0.50, ஆட் +2.00 என்றால் லென்ஸின் கீழ்ப்பகுதியில் +2.50 இருக்க வேண்டும். தூரத்துக்கு −2.00, ஆட் +2.00 என்றால் கீழ்ப்பகுதியில் பூஜ்யம். மைனஸ் பவர்காரர்கள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிப்பதன் கணக்கு இதுதான்.

மைக்குறிகளைத் தவிர, லென்ஸிலேயே மெல்லப் பொறித்த குறிகளும் உண்டு. சாதாரணமாகப் பார்த்தால் தெரியாது. லென்ஸின் மேல் வாயால் ஊதி ஆவி படியவிட்டு, இருட்டான பின்புலத்துக்கு முன்னால் பிடித்து, பக்கவாட்டிலிருந்து விளக்கொளி விழும்படி சாய்த்துப் பாருங்கள். 34 மி.மீ. இடைவெளியில் இரண்டு சின்ன வட்டங்களோ வேறு வடிவங்களோ தென்படும். காதுப் பக்கத்துக் குறிக்குக் கீழே உள்ள எண் ஆட் பவர்: "20" என்றால் +2.00, "22" என்றால் +2.25. மூக்குப் பக்கத்துக் குறிக்குக் கீழே தயாரிப்பாளரின் அடையாளம் இருக்கும். இரண்டு லென்ஸிலும் ஆட் எண் காதுப் பக்கமாகவே வந்தால் இடமும் வலமும் மாறவில்லை என்று பொருள். எண் சீட்டோடு ஒத்துப்போகவில்லை என்றால் மேலே எதுவும் சோதிக்க வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேல்பகுதிப் பவரைக் கையில் வைத்துப் பார்த்து உறுதி செய்ய முடியாது. கடையிலேயே லென்ஸ்மீட்டர் என்ற பவர் அளக்கும் கருவியில் வைத்து, உங்கள் கண்முன் படித்துக் காட்டச் சொல்லுங்கள். சாதாரணப் பவர்களில் 0.12 டயாப்டர் (பவரின் அலகு) வரை கூடக்குறைய இருப்பது ஏற்கத்தக்கது. 0.25 மாறினால் தவறு.

தூரத்துப் பவரே இல்லாத, கடையில் தொங்கும் ரெடிமேட் படிப்புக் கண்ணாடி என்றால் வீட்டிலேயே சோதிக்கலாம். பகலில், வெளிச்சமான ஜன்னலுக்கு எதிர்ச் சுவரின் அருகே லென்ஸைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒரு தூரத்தில் ஜன்னலுக்கு வெளியே உள்ள மரமோ கட்டடமோ தலைகீழாகச் சுவரில் கூர்மையாக விழும். அப்போது லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்து, 100-ஐ அந்தச் செ.மீ. எண்ணால் வகுங்கள். 50 செ.மீ. என்றால் +2.00, 67 என்றால் +1.50, 40 என்றால் +2.50. வெளியே தொலைவில் உள்ள பொருளின் பிம்பத்தைப் பிடிப்பது முக்கியம். 5 மீட்டரில் உள்ள ஜன்னல் சட்டத்தின் பிம்பத்தைப் பிடித்தால் +2.00 லென்ஸுக்கு 50 அல்ல, ஏறத்தாழ 55 செ.மீ. வரும், நல்ல லென்ஸைக் குறை சொல்லிவிடுவீர்கள். நேரடி வெயிலைக் குவித்துப் பார்க்கவே வேண்டாம், துணியும் தாளும் பற்றிக்கொள்ளும். இரண்டு லென்ஸையும் தனித்தனியே பாருங்கள். ரெடிமேட் கண்ணாடியில் இரண்டும் ஒரே பவராகத்தான் இருக்க வேண்டும்.

ஆட் உங்கள் கைக்குப் பொருந்துகிறதா

நூல்கயிறு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது அளவு நாடா. நீங்கள் வழக்கமாகப் புத்தகம் பிடிக்கும் தூரத்தை வேறொருவரை அளக்கச் சொல்லுங்கள், கண்ணிலிருந்து தாள் வரை. கண் சோதனையில் பெரும்பாலும் 40 செ.மீ. என்றே வைத்துக்கொள்வார்கள். 40 செ.மீ. தூரத்தில் படிக்க மொத்தம் 2.50 டயாப்டர் தேவை. அதில் ஒரு பகுதியைக் கண்ணே கொடுக்கும், மீதியைக் கண்ணாடி தரும். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக விறைத்துக்கொண்டே போகிறது, அதனால் கண் கொடுக்கும் பங்கு சுருங்குகிறது. நாற்பத்தைந்தையொட்டி +1.00 போதும் என்றிருப்பது அறுபதில் +2.25, +2.50 என்று போய் நிற்பது இதனால்தான்.

சோதனை இப்படி. சாதாரண வீட்டு விளக்கொளியில் செய்யுங்கள். வெயிலில் நின்று பார்த்தால் எந்தக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்: கண்பாவை சுருங்கி, பிழையை மறைத்துவிடும். செய்தித்தாள் அளவு எழுத்துள்ள பக்கத்தை எடுங்கள். தமிழ் எழுத்தில் சோதிப்பவருக்கு ஒரு வசதி உண்டு: புள்ளி. "க" என்பதும் "க்" என்பதும் எங்கே பிரிந்து தெரியாமல் போகிறதோ, "ரி" எங்கே "ரீ" ஆகிவிடுகிறதோ, அங்கே தெளிவு முடிந்தது. வார்த்தையை ஊகித்துப் படித்துவிடுவோம், புள்ளியை ஊகிக்க முடியாது. ஆகவே வாசித்துப் பார்க்காதீர்கள், புள்ளியைப் பாருங்கள்.

தாளை வழக்கமான தூரத்தில் பிடித்து, மெல்ல முகத்தருகே கொண்டுவாருங்கள். மங்கத் தொடங்கும் தூரத்தைக் குறியுங்கள். பிறகு வெளியே நகர்த்தி, மங்கும் தூரத்தைக் குறியுங்கள். ப்ரொக்ரெஸிவ் என்றால் இந்த நேரம் முழுக்க லென்ஸின் அடிப்பகுதி வழியாகவே பார்க்க வேண்டும். தாள் விலக விலகக் கண் தன்னையறியாமல் மேலே ஏறும், அதை விடக்கூடாது. உங்கள் படிக்கும் தூரம் இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே விழ வேண்டும், கிட்ட எல்லையை நோக்கிச் சற்றே ஒதுங்கி இருந்தால் இன்னும் நல்லது. வெளி எல்லை ஏறத்தாழ 100-ஐ ஆட் பவரால் வகுத்தால் வரும் தூரம்: +2.00-க்கு 50 செ.மீ. கண் கொஞ்சம் மங்கலைப் பொறுத்துக்கொள்ளும் என்பதால் உண்மையில் சில செ.மீ. தள்ளியும் வரலாம். +2.00 போட்டவருக்கு 38, 40 செ.மீ.யிலேயே மங்குகிறது என்றால் கூட்டுப் பவர் அதிகம், அல்லது தூரத்துப் பவரே பிளஸ் பக்கம் கூடிவிட்டது.

ஆட் அதிகமாகப் போவது அடிக்கடி நடப்பதற்குக் காரணம் சோதனை நாற்காலியிலேயே இருக்கிறது. பவர் கூடக் கூட எழுத்து பெரிதாகத் தெரியும். "இது நல்லா இருக்கா, இது நல்லா இருக்கா?" என்று கேட்கும்போது பெரிதாகத் தெரிவதை நல்லது என்று சொல்லிவிடுவோம். வீட்டுக்கு வந்து மடியில் புத்தகம் வைத்தால் எட்டாது, மூக்கருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். சோதனையின்போதே உங்கள் கைப்பேசியைக் கையில் பிடித்து, வழக்கமான தூரத்தில் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டு பவர்களும் ஒரே தெளிவு தந்தால் குறைந்ததைக் கேளுங்கள்.

குறி கண்பாவைமேல் விழுகிறதா

மைக்குறிகளில் ஒரு சிலுவை இருக்கும். நேராகப் பார்க்கும்போது அது கண்பாவையின் நடுவே விழ வேண்டும். மற்ற வட்டங்களும் கோடுகளும் லென்ஸ்மீட்டர்காரருக்கு உரியவை. அணிபவருக்குத் தேவையானது இந்தச் சிலுவை மட்டும்.

கண்ணாடியில் முகம் பார்த்துச் சோதிக்க முயன்றால் சிரமப்படுவீர்கள்: பிம்பம் இருமடங்கு தூரத்தில் இருக்கும், சிலுவை பொடியாகத் தெரியும். கைப்பேசிக் கேமராவே சுலபம். இயல்பாக உட்காருங்கள். புகைப்படம் என்றதும் முதுகை நிமிர்த்துவது வேண்டாம், எப்போதும் போல. உதவி செய்பவர் கேமராவை உங்கள் வலது கண்ணுக்கு நேர் எதிரே, அதே உயரத்தில், ஒரு கை நீளத்தில் பிடிக்கட்டும். இடது கண்ணை மூடி, வலது கண்ணால் கேமரா லென்ஸைப் பாருங்கள், ஒரு படம். பிறகு கேமராவை இடது கண்ணுக்கு நேராக நகர்த்தி இன்னொரு படம். மூக்குக்கு நேராக வைத்து இரண்டு கண்ணையும் ஒரே படத்தில் எடுத்தால் கண் உள்ளே திரும்பிவிடும், அளவு பொய்யாகும்.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலுவை பாவைக்குள் நடுவில் இருந்தால் சரி. 1 மி.மீ. வரை விலகல் பொறுக்கத்தக்கது. அதற்கு மேல் பக்கவாட்டில் விலகினால் பி.டி., அதாவது கண்பாவை இடைவெளி, தப்பாக அளந்திருக்கிறார்கள். இரண்டு கண்ணுக்கும் மூக்கின் நடுவிலிருந்து தனித்தனியாக அளந்தார்களா என்று கேளுங்கள். மொத்தமாக 64 என்று அளந்து 32, 32 என்று பாதியாக்குவது எல்லா மூக்குக்கும் பொருந்தாது. 31, 33 உள்ளவர்கள் ஏராளம்.

ஒரு மி.மீ.க்கு இவ்வளவு கெடுபிடி ஏன்? லென்ஸ் கண் சுழலும் மையத்திலிருந்து சுமார் 27 மி.மீ. தள்ளி நிற்கிறது, தாள் 400 மி.மீ. தள்ளி. லென்ஸில் 1 மி.மீ. பிசகினால் தாளில் தெளிவான பகுதி ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. நகர்ந்துவிடும். உயரத்தில் 1 மி.மீ. பிசகினால் கண்ணோ தாடையோ சுமார் 2 டிகிரி கூடத் திரும்ப வேண்டும். நாள் முழுக்க.

லென்ஸின் நடுவில், தூரத்துப் பவரிலிருந்து படிப்புப் பவருக்கு இறங்கும் தெளிவான வழியும் குறுகலானது. பவர் மேலிருந்து கீழே ஏறும்போது பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர், ஏறும் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் வளரும். 1963-இல் மின்க்விட்ஸ் என்ற கணிதவியலாளர் காட்டிய விதி இது. 14 மி.மீ. நீளத்தில் +2.00 ஏறினால், பக்கத்தில் மங்கல் அரை டயாப்டரை எட்டுவதற்குள் கிடைக்கும் அகலம் சுமார் மூன்றரை மி.மீ. ஆட் +2.50 ஆனால் அது மூன்றுக்கும் கீழே. எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் இந்த மங்கலை இடம் மாற்றி வைக்கலாமே ஒழிய ஒழித்துவிட முடியாது. சின்ன ஃபிரேமுக்காகக் குட்டை வழி லென்ஸ் எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.

தாடைச் சோதனை

சிலுவையைத் துடைத்துவிட்டார்கள் என்றாலும் உயரம் சரியா என்று தாடையே சொல்லும். சில மீட்டருக்கு அப்பால் உள்ள நாட்காட்டி எண்களையோ பலகை எழுத்தையோ நேராகப் பாருங்கள். தெளிவாக இருந்தால் தாடையை மெல்ல உயர்த்துங்கள். சிறிது உயர்த்தியதும் மங்க வேண்டும், கண் இப்போது லென்ஸின் கீழே வந்துவிட்டது. நேராகப் பார்க்கும்போதே மங்கி, தாடையைக் கீழே இறக்கினால் தெளிவாகிறது என்றால் லென்ஸ் முகத்தில் உயரமாக உட்கார்ந்திருக்கிறது: கிட்டத்துப் பவர் தூரத்துக்கான இடத்தில் ஏறி நிற்கிறது. இறக்கினாலும் உயர்த்தினாலும் மங்கல் மாறவில்லை என்றால்தான் தூரத்துப் பவரைச் சந்தேகிக்க வேண்டும்.

படிக்கும்போது எதிர்மாறு. தாடையை வானம் பார்க்கத் தூக்கினால்தான் எழுத்து தெளிகிறது என்றால் லென்ஸ் தாழ்ந்து நிற்கிறது. அல்லது ஆட் போதவில்லை. எது என்று அறிய, ஃபிரேமை இரண்டு விரலால் 2 மி.மீ. மேலே தூக்கிப் பிடித்துப் படியுங்கள். சட்டென்று சுலபமானால் உயரப் பிரச்சினை. தூக்கியும் மாற்றமில்லை, தாளைத் தள்ளிப் பிடித்தால்தான் தெரிகிறது என்றால் ஆட் குறைவு.

உயரத்தில் வரும் சின்னப் பிசகு ஃபிரேமைத் திருத்தினாலே சரியாகும், புது லென்ஸ் வேண்டாம். மூக்கின் மேல் உட்காரும் நோஸ் பேட் இரண்டையும் நெருக்கினால் ஃபிரேம் மேலே ஏறும், விரித்தால் இறங்கும். 1 முதல் 2 மி.மீ. வரை இப்படிச் சமாளிக்கலாம். பேட் இல்லாத பிளாஸ்டிக் ஃபிரேமில் இந்த வசதி கிடையாது; ப்ரொக்ரெஸிவ் எடுப்பவர் பேட் உள்ள ஃபிரேம் எடுப்பது புத்திசாலித்தனம் என்பதற்கு இதுவே போதும். லென்ஸின் அடிப்பக்கம் கன்னத்தை நோக்கி 8 முதல் 12 டிகிரி சாய்ந்திருக்க வேண்டும், கண்ணிலிருந்து 12 முதல் 14 மி.மீ. தூரத்தில். சாய்வு இல்லாமல் செங்குத்தாக நின்றாலும், மூக்கு நுனிக்குச் சறுக்கி வந்தாலும் படிக்கும் பகுதி குறுகிப்போகும். கடைக்குப் போனதும் முதலில் இதைத் திருத்தச் சொல்லிவிட்டு, பிறகு மற்றதைப் பேசுங்கள்.

பென்சில் சோதனை

பக்கவாட்டுப் பிழையைப் பிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. தாளின் குறுக்கே, ஒரு முனையிலிருந்து மறு முனை வரை ஒரே வரியாகப் பொடி எழுத்து அச்சிட்டுக்கொள்ளுங்கள், 30 செ.மீ. நீளமாவது வேண்டும். தாளின் நடுவில் ஒரு கோடு. மேசையில் சரிவாகச் சாய்த்து வைத்து, கோடு மூக்குக்கு நேராக இருக்கும்படி 40 செ.மீ. தூரத்தில் உட்காருங்கள். தலையை அசைக்காமல், இடது கண்ணை மறைத்து, வலது கண்ணை மட்டும் வரியின் மேல் ஓட்டுங்கள். எந்தச் சொல்லிலிருந்து எந்தச் சொல் வரை புள்ளி தெரிகிறதோ, அந்த இரண்டு இடத்திலும் பென்சிலால் சின்னக் கோடு. பிறகு அடுத்த கண்ணுக்கு, வேறு நிறத்தில்.

இரண்டு நிறப் பட்டைகளும் ஏறத்தாழ ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால் லென்ஸ் சரியான இடத்தில் இருக்கிறது. வலது கண்ணின் பட்டை வலப்பக்கமும் இடது கண்ணின் பட்டை இடப்பக்கமும் விலகிப் போயிருந்தால் பி.டி. அகலமாக எடுத்திருக்கிறார்கள். நேர்மாறாகக் குறுக்கிட்டால் குறுகலாக. இரண்டும் சேர்ந்து ஒரே பக்கம் ஒதுங்கியிருந்தால் முதலில் ஃபிரேமைப் பாருங்கள், மூக்கின் மேல் கோணி உட்கார்ந்திருக்கும். ஒரு பட்டை மட்டும் மற்றதைவிட வெகு குறுகலாக இருந்தால் அந்த லென்ஸின் சிலிண்டரோ ஆக்சிஸோ ஒத்துவரவில்லை. வட்ட ஃபிரேமில் லென்ஸ் சுழன்றுவிடுவதும் உண்டு.

இந்தத் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். கடையில் "சரியாத் தெரியலை" என்று சொன்னால் "பழகிடும்" என்பார்கள். விலகிப்போன இரண்டு பட்டைகளைக் காட்டினால் பி.டி.யை மறுபடி அளப்பார்கள்.

கணினித் திரை

ப்ரொக்ரெஸிவ் போட்டவர்களின் கழுத்துவலிக்கு மூலம் இங்கேதான். திரை 65 செ.மீ. தூரத்தில் இருந்தால் தேவை ஏறத்தாழ 1.50 டயாப்டர். ஆட் +2.00 உள்ள லென்ஸில் 1.50 கிடைக்கும் இடம் வழியில் முக்கால் தூரம் கீழே. திரையோ கண் உயரத்தில். தாடை தானாகத் தூக்கிக்கொள்ளும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே வரும்படி இறக்கி, பின்பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். அப்படியும் நாள் முழுக்கத் திரை என்றால் ப்ரொக்ரெஸிவ் அதற்கு உரிய கருவி அல்ல. திரைக்கும் மேசைக்கும் மட்டுமான ஆஃபீஸ் லென்ஸைத் தனியே வாங்குங்கள். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக்கூடாது.

பழக விடுவதும் விடக்கூடாததும்

தலையைத் திருப்பும்போது ஓரத்தில் தரை நெளிவது, கதவுச் சட்டம் வளைவது, படி பக்கத்தில் வந்துபோவது ஆகியவை முதல் வாரத்தில் இயல்பு. காலையில் எழுந்ததும் போடுங்கள், பழைய கண்ணாடியை மாற்றி மாற்றிப் போடாதீர்கள். படி இறங்கும்போது கண்ணை மட்டும் தாழ்த்தினால் படிப்புப் பகுதி வழியே படி மங்கும். தலையையே குனிந்து, மேல்பகுதி வழியே பாருங்கள். ஓரத்தில் உள்ளதைப் பார்க்க மூக்கைத் திருப்புங்கள். நெளிவு அடங்கும் வரை வண்டி ஓட்ட வேண்டாம். இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் திரும்பப் போங்கள்.

சில தொல்லைகளுக்கு இரண்டு வாரம் காத்திருக்கவே தேவையில்லை. அசையாமல் உட்கார்ந்திருக்கும்போதே எல்லாம் இரண்டாகத் தெரிந்து, ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிறதா? இரண்டு லென்ஸின் மையமும் ஒன்றுக்கொன்று ஒத்து நிற்கவில்லை. +4.00 லென்ஸ் மேல்கீழாக இரண்டரை மி.மீ. பிசகினாலே 1 பிரிஸம் டயாப்டர் (பிம்பம் இடம் விலகுவதன் அளவு) உண்டாகும். மேல்கீழ் வித்தியாசத்தைக் கண்ணால் பொறுக்க முடியாது. எழுத்தைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாக ஓரம் தெரிந்தால் லென்ஸின் பொருளைக் கேளுங்கள்: பாலிகார்பனேட்டின் அபே எண் 30, சாதாரண சி.ஆர்.-39 பிளாஸ்டிக்குக்கு 58. எண் குறைந்தால் நிறம் பிரியும். பவர் அதிகம் உள்ளவர்களுக்கு இது பழகாமலே போகலாம்.

லென்ஸ்மேல் பழி போடக்கூடாத சமயமும் உண்டு. கண் சிமிட்டினால் தெளிந்து, சில நொடியில் மறுபடி மங்கினால் கண் வறட்சி. காலையில் ஒரு தெளிவு மாலையில் ஒரு தெளிவு என்று நாளுக்கு நாள் மாறினால் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது பவரும் மாறும், அந்த நேரத்தில் எடுத்த சீட்டே செல்லாது, சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்த பிறகு மறுபடி சோதிக்க வேண்டும். வயதானவருக்குக் கண்ணாடி இல்லாமலே திடீரென்று கிட்டத்தில் நன்றாகத் தெரியத் தொடங்கினால் மகிழ வேண்டாம், கண்புரை வளர்வதன் அடையாளமாக இருக்கலாம். ஒரு கண்ணால் மட்டும் பார்க்கும்போது நேர்கோடு வளைந்தோ நடுவில் விட்டோ தெரிவது, திரை விழுந்ததுபோல் ஒரு பக்கம் மறைவது, மின்னல் வெட்டுவது, வலியோடு மங்குவது என்றால் கண்ணாடிக் கடைக்கு அல்ல, அன்றே கண் மருத்துவரிடம்.

எல்லாம் தேறினால் மைக்குறிகளோடு ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஸ்பிரிட் தொட்ட மெல்லிய துணியால் துடையுங்கள். நகச்சாயம் அழிக்கும் அசிட்டோனைத் தொடவே கூடாது, பாலிகார்பனேட் லென்ஸில் பட்டால் பால்போல் வெளுத்துவிடும்.